எயோவினுக்காக ஐம்பது சீட்டு

ஓர் உயிரைக் கரைசேர்ப்பது அதன் முயற்சியா, மேலிருந்து வரும் அருளா? வடகலை வீட்டில் பிறந்து தென்கலை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பார் அப்பா. பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்விக்கொண்டு போகும், குட்டிக்கு அதில் வேலையே கிடையாது என்பார் மாமனார். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. ஆனால் இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று எனக்கு விளங்கியது, இரவில் தனியே சீட்டு ஆடும் மேசையில்.

ஆட்டத்தின் பெயர் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்: த கார்ட் கேம்'. நேட் ஃப்ரெஞ்ச் வடிவமைத்து 2011-இல் ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் வெளியிட்டது. இதில் ஆடுபவர்கள் ஒருவரையொருவர் தோற்கடிப்பதில்லை. எல்லோரும் சேர்ந்து ஆட்டத்தையே எதிர்க்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் ஒருவரே ஆடலாம். மூன்று வீரர்கள் வரை வைத்துக்கொண்டு, குறைந்தது ஐம்பது சீட்டுகளில் நாமே ஒரு கட்டு அமைக்கிறோம். ஆபத்தைக் காட்டும் 'த்ரெட்' எண் சுற்றுக்கு ஒன்றாவது ஏறும். ஐம்பதைத் தொட்டால் தோல்வி.

என் கட்டு எயோவினுக்கானது. ரோஹன் மன்னனின் சகோதரி மகள். வீட்டில் இருந்து நாட்டைப் பார்த்துக்கொள் என்று சொன்ன பிறகும் ஆண் வேடத்தில் போருக்குப் போனவள். வலிமை பார்த்து அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. கதையில் அவளைக் கண்ட நாளிலிருந்தே மனம் அவளிடம் போய்விட்டது. இஷ்ட தெய்வத்தை யாராவது பட்டியல் போட்டா தேர்ந்தெடுக்கிறார்கள்?

முதல் பெட்டியில் வரும் அவள் சீட்டில் மனவுறுதி நான்கு. தாக்குதல் ஒன்று, தற்காப்பு ஒன்று, உயிர் மூன்று. மனவுறுதியால் நகரும் பயணத்துக்கு அந்தப் பெட்டியில் அவளைப் போல் யாரும் இல்லை. அடி விழுந்தால் தாங்கமாட்டாள். கையிலிருந்து ஒரு சீட்டைத் துறந்தால் அவள் மனவுறுதி இன்னும் ஒன்று கூடும். ஆகவே துறப்பதற்கென்றே கையில் சீட்டு சேர வேண்டும். அதற்கு பெராவோர் வந்தாள். அவள் ஓய்ந்து சாய்ந்தால் இரண்டு சீட்டு எடுக்கலாம். அடிக்க ஆள் வேண்டும் என்று லெகோலஸ் வந்தான். மூவரின் த்ரெட்டும் சேர்ந்து 28; ஆட்டம் அந்த எண்ணில் தொடங்கும். இப்படி அவளுடைய ஒவ்வொரு குறையும் ஒரு துணையை அழைத்து வந்தது. சரணாகதியின் அங்கங்களில் கார்ப்பண்யம் என்று ஒன்று உண்டு: தன்னால் ஆகாது என்று உள்ளபடி அறிவது. நல்ல கட்டு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பயணத்துக்குப் போன வீரரின் சீட்டைப் பக்கவாட்டில் சாய்த்துவைப்போம். அந்தச் சுற்றில் அவர் சண்டைக்கு எழ முடியாது. எழுப்பிவிடும் 'அன்எக்ஸ்பெக்டட் கரேஜ்' சீட்டு என் பழைய பெட்டியில் ஒன்றே ஒன்று. விலை இரண்டு, அதற்கு எயோவினின் காசு மட்டுமே செல்லும்; அவளுக்குச் சுற்றுக்கு வருவதோ ஒரு காசு. இரண்டு சுற்றுச் சேர்த்துவைத்துக் காத்திருக்க வேண்டும். அதற்குள் சீட்டும் கைக்கு வர வேண்டுமே! தொடக்கத்தில் கையில் ஆறு, பிறகு சுற்றுக்கு ஒன்று. பெராவோர் உதவாவிட்டால் பத்துச் சுற்று ஆடியும் கண்ணில் படுவது பதினாறு சீட்டுதான்.

மந்திரவாதி கேண்டால்ஃப் வருவதும் இப்படித்தான். அவர் விலை ஐந்து. மூவரில் யாருடைய காசும் செல்லும். வந்ததும் மூன்று சீட்டு எடுத்துத் தருவார், அல்லது ஓர் எதிரிக்கு நான்கு காயம் தருவார், அல்லது த்ரெட்டில் ஐந்தைக் குறைப்பார். சுற்று முடிந்ததும் போய்விடுவார். அவரைக் கட்டில் வைத்தது நான், காசு சேர்த்தது நான். எப்போது வருவார் என்பது மட்டும் என் கையில் இல்லை. அப்பா சொன்ன பற்றுதலை நான் இங்கேதான் கண்டேன். அருளுக்கு இடம் ஒதுக்கிவைப்பதே அந்தப் பற்றுதல். அது அருளுக்குக் கொடுக்கும் விலை ஆகாது.

மாமனார் சொன்னதை 'எஸ்கேப் ஃப்ரம் டோல் குல்டூர்' காட்டியது. பெட்டியின் மூன்றாவது சாகசம் அது. தனியே ஆடுபவர்களை நசுக்கிவிடும். தொடக்கத்திலேயே நம் வீரர்களில் ஒருவரைக் குருட்டாம்போக்கில் எடுத்துச் சிறைப்படுத்தும். ஒருமுறை என் கையில் வந்தது எயோவின். யாருக்காகக் கட்டு அமைத்தேனோ அவள் கவிழ்த்துவைத்த சீட்டாகக் கிடந்தாள். அவளால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அவளைத் தாங்க வந்த இருவரும் அவளை மீட்கப் போனார்கள். அவளுக்காகச் சேர்த்த ஐம்பதும் அவளில்லாமலே அவளுக்காக நடந்தன. இதைவிடத் தெளிவாகத் தென்கலைக் கட்சியை எனக்கு யாரும் விளக்கியதில்லை.

இந்தக் கதையை எழுதிய டோல்கீன் கத்தோலிக்கர். தன் கதை அடிப்படையில் சமயம் சார்ந்தது, கத்தோலிக்கமானது என்று இயேசு சபையைச் சேர்ந்த ராபர்ட் மர்ரிக்கு 1953-இல் எழுதினார். கதையின் முடிவைப் பாருங்கள். அழிக்க வேண்டிய மோதிரத்தை மலையின் நெருப்பு வரை சுமந்துபோன ஃப்ரோடோவால் அதை எறிய முடியவில்லை. அவன் இரக்கப்பட்டு உயிரோடு விட்ட கோலம் என்பவன் அதைப் பறித்துக்கொண்டு நெருப்பில் விழுகிறான்; மோதிரம் அழிகிறது. நடந்தது ஃப்ரோடோ, முடித்தது அவன் அல்ல. ஆனால் அவன் அதுவரை நடக்காவிட்டால், இரங்காவிட்டால், முடிப்பதற்கு அங்கே எதுவும் இருந்திராது. எயோவினும் தனியாக வெல்லவில்லை. போரில் தோழன் மெர்ரி பின்னாலிருந்து முழங்காலில் குத்திய பிறகே எதிரிப் படைத்தலைவனான சூனிய மன்னன் அவள் வாளுக்கு வீழ்ந்தான்.

தனியே ஆடத் தொடங்குகிறவர்கள் யார் பலசாலி என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். யார்மேல் மனம் போகிறதோ அவரை முதலில் மேசையில் வையுங்கள். அவருக்கு என்னென்ன முடியாது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மற்ற சீட்டுகளை அதைப் பார்த்து எடுங்கள். கேண்டால்ஃபுக்கு மூன்று இடம் விட்டுவையுங்கள்.