மணல் கயிறும் மணவாழ்க்கையும்

ஆயிரம் பொய் சொல்லியேனும் ஒரு திருமணத்தை நடத்தி வைக்கலாம் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இப்பழமொழியை உரைத்துப் பார்த்த நகைச்சுவைப் படம், விசுவின் இயக்கத்தில் 1982ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மணல் கயிறு’. தனக்கு வாய்க்கும் மனைவி இப்படித்தான் இருக்க வேண்டும் என எட்டு நிபந்தனைகள் விதிக்கிறான் கிட்டுமணி. எட்டும் பொருந்தியவள் என்று கூறி உமாவை அவனுக்கு மணமுடித்து வைக்கிறார் நாரதர் நாயுடு. தாலி கட்டிய பின்னரே சொன்னவை பொய் என்பது அவனுக்கு விளங்குகிறது. அரங்கம் சிரிக்கிறது, சிரிப்பு அடங்கியபின் ஒரு வினா எஞ்சுகிறது. நன்மை கருதிச் சொன்ன இப்பொய் அறமாகுமா?

குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் கருத்து. கல்யாணத் தரகர்கள் இதனைத் தமக்கு அரணாகக் கொள்ளலாம். ஆயினும், ‘குற்றமற்ற’ என்னும் அடையை எளிதில் கடந்துவிட இயலாது. பொய்யுரைப்பவர் ஒருவர், அதன் விலையைக் கொடுப்பவர் மற்றொருவர் எனில், அந்நன்மை எங்ஙனம் குற்றமற்றதாகும்? தரகர் அடுத்த வீட்டை நாடிச் சென்றுவிடுகிறார். பெற்றோர் கடமை முடிந்ததென்று ஆறுதல் கொள்கின்றனர். ஏமாந்த கணவனின் சினத்தை நாள்தோறும் தாங்குபவள் மணப்பெண் அன்றோ?

எனினும், பொய்யுரைத்தாரை மட்டும் பழித்தல் நீதியாகாது. பொய்க்கு வாயில் திறந்து வைப்பது நிபந்தனைப் பட்டியலே. பெண்ணுக்கு எட்டு இலக்கணம் வகுப்பவன், தான் எத்தகைய கணவனாக இருப்பான் என்று ஒரு வரியேனும் எழுதுவதில்லை.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு இவ்வினா மிக அணுக்கமானது. சொந்த ஊரில் அக்கம்பக்கத்தாரை விசாரித்து ஒரு குடும்பத்தின் நிலையை அறியலாம். நாமோ புகைப்படத்தையும் ஜாதகத்தையும் பிறர் சொல்லையும் நம்பிச் சம்பந்தம் பேசுகிறோம். மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சற்றுக் கூட்டிச் சொல்வதையும், ஒற்றை அறைக் குடித்தனத்தை வசதியான வீடு என்பதையும் பெருங்குற்றமாக நாம் கருதுவதில்லை. ஆனால், இரவும் பகலும் ரயிலில் பயணம் செய்து, மொழி தெரியாத நகரில் வந்து இறங்கும் பெண்ணுக்கு, அவ்வறையை விட்டால் ஓடிச்சென்று அழுவதற்குத் தாய்வீடு அருகில் இல்லை. சரிபார்க்க இயலாத தொலைவில் மெய்யுரைக்கும் கடன் மிகுகிறதேயன்றிக் குறைவதில்லை.

குறைகளை முன்கூட்டியே சொன்னால் சில சம்பந்தங்கள் தட்டிப்போகும் என்பது உண்மையே. தட்டிப்போன சம்பந்தத்தின் வருத்தம் சில மாதங்களில் ஆறிவிடும். பொய்யின்மேல் எழுந்த இல்லறத்தின் வருத்தமோ ஆயுள் முழுதும் தொடரக்கூடும். குறையை அறிந்தே ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்பவர்க்கு, பின்னர் வெளிப்பட்டு உறவை அறுக்கத்தக்க பொய் எதுவுமில்லை. மணலைக் கயிறாகத் திரிக்கும் வீண்முயற்சி அவர்களுக்குத் தேவையில்லை.