தூண்டிலும் அணுவிரதமும்

உண்பதற்காக அன்றிப் பொழுதுபோக்கிற்காக மீன் பிடிப்பதும், பிடித்த மீனை உயிருடன் நீரிலேயே விட்டுவிடுவதும் நம் கொல்லாமை விரதத்திற்கு மாறானவையா? இவ்வினா நம் முன்னோருக்கு எழவில்லை. மீன் உண்ணப்படுவது, நாம் உண்ணாதவர்கள், ஆகவே தூண்டில் நமக்கு உரியதன்று என்ற அளவில் அவர்களுக்கு அது முடிந்துவிட்டது. இன்றோ வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளிலிருந்து கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் சேலத்திலும் நாமக்கல்லிலும் வாழ வந்த நம் குடும்பத்துப் பிள்ளைகள், விடுமுறை நாள்களில் நண்பர்களோடு மேட்டூர் அணைக்கும், ஜேடர்பாளையத்துக் காவிரிக்கும், தூசூர் ஏரிக்கும் செல்கின்றனர். “நாங்கள் உண்பதில்லை, கொல்வதும் இல்லை, பிடிக்கிறோம், பார்க்கிறோம், விட்டுவிடுகிறோம்” என்கின்றனர். இக்கூற்றை அதட்டி அடக்கிவிடலாம். ஆனால் அது விடையாகாது.

தூண்டில் இந்நாட்டிற்குப் புதியதன்று. சங்கப் பாடல்களில் பாணர் தூண்டிலிட்டு மீன் பிடிக்கும் காட்சிகள் உண்டு. ஆனால் அவர்கள் பிடித்தது வயிற்றுக்காக, பண்டமாற்றுக்காக. வயிற்றை ஒதுக்கிவிட்டுக் கைத்திறனுக்காகவே தூண்டில் பிடிக்கும் வழக்கம் இங்கே பெரிதும் ஆங்கிலேய அதிகாரிகளோடு வந்தது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் 1873ஆம் ஆண்டிலேயே ‘தி ராட் இன் இந்தியா’ என இதற்கெனத் தனி நூல் எழுதினார். 1925இல் தொடங்கி 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணை, சேலத்துச் சீமைக்கு ஒரு பெருங்கடலையே அளித்தது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவற்றின் குஞ்சுகள் அந்நீரில் விடப்பெற்று வளர்கின்றன. பரிசலில் சென்று வலைவீசி வாழும் குடும்பங்கள் பல அங்கே உள்ளன. அவர்களைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

தூண்டிலின் உறுப்புகளைச் சற்று நோக்குவோம். மூங்கில் கழி அல்லது சுருளுடன் கூடிய புதுவகைக் கோல், நைலான் நரம்பு, நெட்டியாலோ மயிலிறகின் தண்டாலோ ஆன தக்கை, முள்ளை ஆழத்தில் நிறுத்தும் ஈயக்குண்டு, இறுதியில் முள். முள்ளின் நுனிக்குச் சற்று உள்ளே பின்னோக்கி ஓர் எதிர்முள் இருக்கும். உள்ளே சென்றது வெளியே வாராதிருப்பதற்கே அது செய்யப்பெற்றது. எதிர்முள் இல்லாத முட்களும் இப்பொழுது விற்கப்படுகின்றன. இரக்கமுள்ளோர் அவற்றை வாங்குகின்றனர். குத்துவதற்கு ஒரு முள்ளைத் தேடி வாங்கும்பொழுதே அதில் இரக்கத்தையும் தேடுவது மனித மனத்தின் விந்தைகளுள் ஒன்று.

இனி இரை. எந்த மீனுக்கு எந்த இரை என்பதே ஏரிக்கரையில் நண்பர்கள் பேசும் பேச்சில் பாதி. கெண்டைக்கும் கெளுத்திக்கும் மண்புழு. கட்லாவுக்கும் ரோகுவுக்கும் தவிடோ பிண்ணாக்கோ சேர்த்துப் பிசைந்த மாவு உருண்டை. வேறு சிலவற்றுக்கு வெட்டுக்கிளி. விராலுக்கு உயிருள்ள சிறு தவளை அல்லது சிறு மீன். இதே பட்டியலை நம் ஆகமக் கண்கொண்டு பார்த்தால் அது வேறொன்றாகத் தோன்றும். புழு தொடுவுணர்வும் சுவையும் உடைய ஈரறிவுயிர், எறும்பு மூவறிவுயிர், வண்டினம் நாலறிவுயிர், தவளையும் மீனும் ஐயறிவுயிர். தொல்காப்பிய மரபியலும் உயிர்களை அறிவின் படியாலேயே வகுத்திருப்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆசிரியப் பயிற்சியில் ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்’ என்பார்கள். பிள்ளைகளுக்கு இரைப்பெட்டி தெரிந்தது. அதிலிருந்து உயிர்களின் படிநிலைக்குச் செல்வது எளிது. மீன் முள்ளைத் தீண்டுவதற்கு முன்னரே, கரையில் வைத்து ஓருயிர் குத்தப்பட்டுவிட்டது. மீனை விடுவிப்பவர் எவரும் புழுவை விடுவிப்பதில்லை.

விரால் பிடிக்கும் முறை ஒன்றைக் கேட்டு நாம் மனம் கலங்கினோம். விரால், முட்டையிட்டுவிட்டுப் போய்விடும் மீன் அன்று. தாயும் தந்தையுமாக இரண்டும் நின்று குஞ்சுகளைக் காக்கும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீரின் மேற்பரப்பில் மொய்த்துக்கொண்டிருக்க, பெற்றவை அடியில் காவல் இருக்கும். அந்தக் குஞ்சுத் திரளின் நடுவே தவளையையோ ரப்பர்த் தவளையையோ எறிந்தால் பெற்ற மீன் பாய்ந்து கவ்வும். அது பசியால் கவ்வுவதன்று. தன் மக்களுக்கு வந்த பகையென்று எண்ணிக் கவ்வுவது. அம்மீனை இழுத்து, அளந்து, படம் எடுத்து, நீரில் விடும் சில நிமிடங்களுக்குள் காவலின்றி நிற்கும் குஞ்சுகளைப் பிற மீன்கள் உண்ணத் தொடங்கிவிடும். விட்டுவிட்டோம் என்பவர் கணக்கில் இவை சேர்வதில்லை. ஐம்பொறிகளால் கெடும் உயிர்களைக் கூறும்பொழுது நம் ஆன்றோர் மீனைச் சுவைக்குச் சான்றாக வைத்தனர். திருக்குறளும் சூதாடியின் வெற்றியைத் தூண்டில் இரைக்கு ஒப்பிடுகிறது. அங்கெல்லாம் மீனின் ஆசையே பேசப்படுகிறது. விராலின் பாய்ச்சலில் ஆசை எங்கே இருக்கிறது?

நம் உறவில் ஒரு பிள்ளை, சேலத்துக் கல்லூரி ஒன்றில் பயில்பவன், நம்மிடம் இவ்வாறு வாதிட்டான்: “பாட்டி, நான் புழு குத்துவதில்லை, தவளை குத்துவதில்லை. மாவு உருண்டைதான் வைக்கிறேன். இல்லாவிட்டால் ரப்பர்த் தவளை. இதில் எந்த உயிருக்குக் கேடு?” இதற்கு நாம் புதிதாக விடை தேட வேண்டியதில்லை, யசோதர காவியம் இருக்கிறது. தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால் யசோதர மன்னன் பலியிட்டது உயிருள்ள கோழியை அன்று. மாவினால் செய்த கோழியை. ஆயினும் கோழியென்றே கருதி வாளை ஓங்கினான். அந்தச் சங்கல்பமே தாயையும் மகனையும் பிறவிதோறும் விலங்கு வடிவில் அலைத்தது. அப்பிறவிகளுள் ஒன்றில் அம்மன்னன் சிப்பிரை ஆற்றில் மீனாகப் பிறந்து பிடிபட்டு வருந்தினான் என்பதை நம் பிள்ளைகள் மறந்துவிடுகின்றனர். மாவுக் கோழியில் உயிர் இல்லை. வெட்டும் எண்ணம் இருந்தது. மாவு உருண்டையிலும் உயிர் இல்லை. உள்ளே முள் இருக்கிறது, வெளியே உண்மையான மீன் காத்திருக்கிறது. யசோதரனுக்கு இருந்த சமாதானம் கூட இங்கே இல்லை.

அவன் அத்துடன் விடவில்லை. பாடசாலையில் கேட்ட மிருகசேனன் கதையை எடுத்தான். அவந்தி நாட்டு மீனவனாகிய மிருகசேனன், யசோதரர் என்னும் முனிவரிடம், வலையில் முதலில் அகப்படும் உயிரைக் கொல்வதில்லை என விரதம் ஏற்றான். முதலில் பெரிய மீன் ஒன்று அகப்பட்டது. அடையாளமாகத் துணித்துண்டு ஒன்றைக் கட்டி விட்டுவிட்டான். அன்று ஐந்து முறையும் அதே மீன் அகப்பட, ஐந்து முறையும் விடுவித்தான். வெறுங்கையனாய் வீடு திரும்ப, மனைவி கதவை அடைத்தாள். வெளியே படுத்தவன் பாம்பு தீண்டி இறந்தான். மறுபிறவியில் தனகீர்த்தி என்னும் வணிகர் மகனாகி ஐந்து முறை மரணத்திலிருந்து தப்பினான். “பிடித்து விட்டவனுக்குப் புண்ணியம் உண்டென்று நம் கதையே சொல்கிறதே!” என்றான் பிள்ளை.

நல்ல வினா. இதை எழுப்பியவனை நாம் பாராட்டினோம். ஆனால் இரண்டு கைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மிருகசேனன் உண்பதற்காகப் பிடித்தவன். அவன் விடுவித்தபோது அன்றைய உணவை இழந்தான், வீட்டை இழந்தான், உயிரையும் இழந்தான். அவன் விரதம் அவன் தொழிலைச் சுருக்கியது. ஏரிக்கரை நண்பர் விடுவிக்கும்போது எதை இழக்கிறார்? விடுவிப்பது அவருடைய விளையாட்டைச் சுருக்குவதில்லை, நீட்டிக்கிறது. விட்டுவிடுவோம் என்பதனாலேயே பத்து மீன் பிடிக்கலாம், நாளையும் வரலாம். மிருகசேனன் மறுமுறை அதே மீனைக் கண்டு திடுக்கிட்டான். இவரோ அதே மீன் மறுபடியும் அகப்பட்டால் மகிழ்வார்.

விடுபட்ட மீனுக்கு நோவு இல்லை என்பாரும் உளர். 2003ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே உள்ள ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் லின் ஸ்னெடன் என்பவரும் உடன் பணியாற்றியோரும் ட்ரௌட் மீன்களின் முகத்திலும் உதட்டிலும் நோவை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினர். உதட்டில் அமிலம் செலுத்தப்பெற்ற மீன்கள் தொட்டியின் அடியிலிருந்த கற்களில் உதட்டைத் தேய்த்தன. நெடுநேரம் உணவை நாடவில்லை. அந்த ஆய்வும் ஒரு ஹிம்சையே ஆதலால் அதனை நாம் மெச்சவில்லை. ஆயினும் தெரிந்துவிட்ட செய்தியைத் தெரியாததுபோல் இருக்கவும் இயலாது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும், விட்டுவிடும் நோக்கத்துடனேயே மீன் பிடிப்பதைச் சட்டம் ஏற்பதில்லை. சுவிட்சர்லாந்தில் 2008இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்பு ஆணை இதனைத் தெளிவாகவே கூறுகிறது. உண்பதற்கென்றால் ஒரு காரணம் உண்டு. காரணமே இன்றி நோவு தருவது எதற்கு என்பது அவர்கள் வாதம். புலால் உண்ணும் நாடுகளே இவ்வளவு தூரம் வந்திருக்கின்றன.

காரணமற்ற தீங்கிற்கு நம் சிராவகாசார நூல்கள் முன்பே ஒரு பெயர் வைத்துள்ளன: அனர்த்த தண்டம். தனக்கோ பிறர்க்கோ பயன் ஏதுமின்றிச் செய்யும் தீங்கு அது. இல்லறத்தாருக்கு அடுப்பு மூட்டுவதிலும் வீடு பெருக்குவதிலும் நேரும் ஆரம்ப ஹிம்சை, தொழிலில் நேரும் உத்யோக ஹிம்சை, தற்காப்பில் நேரும் விரோத ஹிம்சை ஆகியவற்றை முற்றும் விலக்க முடியாதென அறிந்த ஆசாரியர்கள், சங்கல்ப ஹிம்சையை மட்டும் முழுதும் விடுக என்றனர். பொழுதுபோக்குத் தூண்டில் சங்கல்பமும் ஆகும், அனர்த்தமும் ஆகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய ஆசாதரர் ‘சாகார தர்மாமிருத’த்தில் உழவனையும் மீனவனையும் ஒப்பிடுகிறார். உழும்போது எண்ணற்ற உயிர்களைக் கொல்லும் உழவனைக் காட்டிலும், ஒன்றையும் கொல்லாதிருந்தும் கொல்லும் எண்ணத்தோடு நிற்கும் மீனவனே பாவி என்பது அவர் கருத்து. உழவர் குடியினராகிய நமக்கு இந்த ஒப்பீடு மிக வசதியானது. அதனாலேயே அதைக் கையாளும்போது கூச்சம் வேண்டும். இன்று பூச்சிமருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டும் உழவன் கையில் சங்கல்பம் இல்லையா என்று எவரேனும் கேட்டால் நம்மிடம் எளிய விடை இல்லை. அது தனியே எழுத வேண்டிய பொருள். ஆனால் மேட்டூரில் பரிசல் ஓட்டி வலை வீசி அரிசி வாங்கும் மனிதரை இந்த ஒப்பீட்டைக் கொண்டு இகழ நமக்கு உரிமை இல்லை. நாம் அத்தொழிலை ஏற்கவில்லை, அவ்வளவே. எந்தத் தேவையும் இன்றிக் கோலேந்தி நிற்கும் நம் வீட்டுப் பிள்ளை, உண்ணாதவன், விடுவிப்பவன் என்பதால் தன்னை அப்பரிசல்காரரைவிட ஒரு படி மேலாக எண்ணுவானாயின், கணக்கு தலைகீழாகிவிட்டது என்றே சொல்வோம். நீரை வடிகட்டித் துணியில் தங்கிய நுண்ணுயிர்களை அதே நீர்நிலையில் மெல்லச் சேர்க்கும் குலத்தில் அவன் பிறந்திருக்கிறான்.

சரி, நண்பர்களை விட்டுவிடுவதா? இதுவே பிள்ளைகளின் உண்மையான இடர்ப்பாடு. இருபது வயதில் நட்பு சிறிய செல்வம் அன்று. முட்டைக்குப் பேர்பெற்ற மாவட்டத்தில் நாள்தோறும் பிறர் இலைக்கு அருகே நம் இலையை விரித்து உண்ணப் பழகிய நமக்கு, உடனிருத்தலும் உடன்படுதலும் வேறு என்பது தெரியும். ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படல் மூன்றும் ஒன்றே என்பது நம் நெறி. எனவே கரையில் அமரலாம், நீரைப் பார்க்கலாம். 2010இல் ஊர்மக்கள் கூடிச் சீரமைத்த மூக்கனேரியில் மண்திட்டு மரங்களில் அடையும் பறவைகளைக் காண ஒரு மாலை போதாது. புளிச்சோறு கட்டிச் சென்று பொழுது சாயுமுன் அனைவரும் பகிர்ந்து உண்ணலாம். மாவு பிசைந்து கொடுத்தல், மீன் நிற்கும் இடத்தைக் காட்டுதல், நண்பர் தேநீர் அருந்தச் செல்லும்போது கோலைப் பிடித்திருத்தல், அகப்பட்ட மீனைக் கண்டு கைதட்டுதல் ஆகியவை கூடா. இவற்றை மறுக்கும்போது உபதேசம் செய்யாதே என்றும் அப்பிள்ளைக்குச் சொன்னோம். “எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை” என்ற ஒரு சொல் போதும். நண்பர்கள் அதை மதிப்பார்கள்.

இறுதியாக அவன் கேட்டது, பிறந்தநாளுக்கு நண்பர்கள் அளித்த தூண்டிலை என்ன செய்வது என்பது. வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமே என்றான். தீங்கு செய்யும் கருவியைப் பிறர்க்கு அளிப்பது ஹிம்சாதானம். அனர்த்த தண்டம் ஐந்தனுள் ஒன்று. விற்றாலும் அதுவே. முட்களை நெருப்பிலிட்டு வளைத்துப் புதைத்துவிடவும், நைலான் நரம்பைப் பறவைகளின் காலில் சிக்காதவாறு துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் சேர்க்கவும் சொன்னோம். கோல் நீளமானது, வலுவானது. கொல்லையில் அவரைக் கொடிக்கு ஊன்றியிருக்கிறான்.