சீட்டுக் குலுக்கி மருந்து கொடுப்பது கூடுமா?

லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் கண்டவரிடம் மருத்துவர் சொல்கிறார்: "இரண்டு சிகிச்சைகளில் எது சிறந்ததென்று அறிய ஓர் ஆய்வு நடக்கிறது. நீங்கள் சேர்ந்தால், உங்களுக்கு எது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கும்." வீட்டார் திடுக்கிடுகிறார்கள். உயிர் விஷயத்தில் குலுக்கலா? இது சூதல்லவா?

சூது வேறு, குர்ஆ வேறு. சூதில் ஒருவர் பொருள் நியாயமின்றி மற்றவரிடம் போகிறது. குர்ஆவோ உரிமையில் சமமானவர்களிடையே பாரபட்சம் வராமல் காப்பது. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படுகையில் தம் மனைவியரிடையே சீட்டுப் போட்டே ஒருவரை அழைத்துச் செல்வார்கள். ஆனால் உரிமை இன்னாருக்கென்று தெளிவாகிவிட்டால் குர்ஆவுக்கு அங்கே இடமில்லை. மருந்து விஷயத்திலும் இதுவே அளவுகோல். எது சிறந்ததென்று மருத்துவ உலகுக்கு மெய்யாகவே தெரியாதபோதுதான் குலுக்கல் நியாயமாகும். தெரிந்துகொண்டே தாழ்ந்ததைக் கொடுப்பது துரோகம்.

"புதியதுதானே நல்லது, அதையே எல்லோருக்கும் கொடுத்தால் என்ன?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 'சாப்' எனும் நான்கு மருந்துச் சிகிச்சையைவிட, அதற்குப் பின் வந்த மூன்று கடுமையான கூட்டு மருந்துகள் மேலானவை என்று பலரும் நம்பினர். 899 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வு 1993இல் வெளியானது. மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தோர் விகிதத்தில் வேறுபாடில்லை. மருந்தின் கடுமையால் இறந்தோரோ சாப்பில் நூற்றுக்கு 1. மற்றவற்றில் 3 முதல் 6 வரை.

இதற்கு மாறாக, பிரான்ஸ் முதலிய நாடுகளில் 60 முதல் 80 வயதுள்ள 399 பேரிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. சாப்புடன் ரிட்டுக்சிமாப் என்ற புது மருந்தையும் பெற்றவர்களில் நூற்றுக்கு 70 பேர் இரண்டாண்டு கழித்தும் உயிரோடிருந்தனர். சாப் மட்டும் பெற்றவர்களில் 57 பேர்.

ஓரிடத்தில் புதியதைப் பெற்றவர் அதிகம் துன்புற்றார். மற்றோரிடத்தில் பழையதைப் பெற்றவர் இழப்படைந்தார். இதை முன்கூட்டி அறிந்தவர் எவருமில்லை. அவர்களால் வந்த அறிவின் பலனை இன்றைய நோயாளிகள் அனுபவிக்கிறார்கள்.

ஆயினும் பிறர் நலனுக்காக இப்படி ஆபத்தை ஏற்பது நோயாளியின் சொந்த முடிவாக இருக்கவேண்டும். நபி (ஸல்) அவர்கள் இறுதி நோயில், மருந்து வேண்டாமென்று சைகை செய்தும், நோயாளிக்கு இயல்பாக உள்ள வெறுப்பென்று கருதி வீட்டார் வாயில் ஊற்றிவிட்டார்கள். தெளிந்ததும் அவர்கள் அதைக் கண்டித்தார்கள். நம் வீடுகளிலோ, வாப்பாவிடம் நோயின் பெயரையே மறைத்துவிட்டு, மகன் தாளில் கைநாட்டு வாங்குகிறான். அன்பினால் செய்தாலும் அது சம்மதமாகாது.

ஆகவே, சகோதரர்களே! கையெழுத்திடுமுன் கேளுங்கள்: இதில் சேராவிட்டால் என்ன சிகிச்சை? என்னென்ன தீங்கு வரலாம்? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இடையில் விலகலாமா? விலகும் உரிமை நோயாளிக்கு எப்போதும் உண்டு. எல்லாம் அறிந்து சேர்பவர் பிறருக்கு உதவும் நற்செயல் புரிகிறார். மறுப்பவர் மீதும் குற்றமில்லை. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே.