அமைவதும் அமைப்பதும்

சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில், மாணவி ஒருத்தி கொடுத்திருந்த புகாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். குரல் உயர்ந்துவிட்டது, கண்ணும் கலங்கியிருக்க வேண்டும். தலைமையில் இருந்தவர் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தி, "மேடம், கம்போஸ் யுவர்செல்ஃப்" என்றார். கனிவாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு அங்கே பேசப்பட்டது என் குரல்தான். புகார் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அன்றிரவு அந்த மாணவிக்கு எழுத மின்னஞ்சலைத் திறந்தால் இடது ஓரத்தில் அதே சொல் நிற்கிறது: கம்போஸ்.

ஒரே சொல் என்னை அடங்கச் சொல்கிறது, எழுதவும் சொல்கிறது. எப்படி?

வேர் தேடிப் போனால் இரண்டு இலத்தீன் வினைகள் கிடைக்கின்றன. ஒன்று வைப்பதைக் குறிக்கும் 'போனெரெ', மற்றது நிறுத்துவதையும் ஓய்வதையும் குறிக்கும் 'பௌசாரெ'. பழைய பிரெஞ்சு மொழியில் இவை ஒன்றோடொன்று குழம்பிக் கலந்தன. அந்தக் கலவைதான் ஆங்கிலத்துக்குப் போய், இசை அமைப்பதற்கும் கவிதை எழுதுவதற்கும் மனதை அடக்குவதற்கும் பொதுச் சொல்லானது. நம் தோட்டத்துக் கம்போஸ்ட் உரத்தின் பெயரும் அந்த முதல் வினையின் வழியே வந்ததுதான்.

எங்கள் சித்தி சிறிய அச்சகம் ஒன்றில் கம்பாசிட்டராக இருந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக ஸ்டிக்கில் அடுக்குவார். அச்சானதும் அவற்றைப் பிரித்து அதனதன் அறையில் போடவேண்டும். "கம்போஸ் பண்றதவிடப் பிரிச்சுப் போடறதுதாண்டி கஷ்டம்" என்பார். எத்தனையோ பேருடைய கவிதைகளை அவர் விரல்கள் கோத்திருக்கின்றன. எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை. அவர் நிதானமான பெண் என்று உறவில் எல்லோரும் மெச்சுவார்கள்.

அமைதியையும் படைப்பையும் இலக்கியக் கொள்கையாகவே சேர்த்துக் கட்டியவர் வேர்ட்ஸ்வொர்த். பொங்கியெழுந்த உணர்வை அமைதியில் நினைவுகூரும்போது கவிதை பிறக்கிறது என்று தன் தொகுப்பின் 1800ஆம் ஆண்டு முன்னுரையில் விளக்கினார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் தலையசைத்துக் குறித்துக்கொள்வார்கள். அவர்களை அதே ஆண்டு தங்கை டோரதி எழுதத் தொடங்கிய கிராஸ்மியர் நாட்குறிப்பையும் படிக்கச் சொல்வேன். ரொட்டி சுட்டது, துணி உலர்த்தியது, அண்ணனின் கவிதைகளைப் படியெடுத்தது, தனக்கு வந்த தலைவலி எல்லாம் அதில் இருக்கிறது. கவிதையைத் திருத்தித் திருத்தி அண்ணன் களைத்துப்போவதும் இருக்கிறது. ஆக, அவருக்கே அந்த அமைதி அவ்வளவாக வாய்க்கவில்லை. வாய்த்த கொஞ்சத்தை யார் அமைத்துக் கொடுத்தார்கள் என்பதை முன்னுரை சொல்லாது.

ஆங்கிலத்தை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க முடியாது. நம் 'அமை'யும் இதே வேலையைத்தான் செய்கிறது. அமைதி, அமைப்பு, இசையமைத்தல் மூன்றுக்கும் வேர் ஒன்று. ஒரு சின்ன 'த்' மட்டும் குறுக்கே நிற்கிறது: அமைதல் தன்வினை, அமைத்தல் பிறவினை. வழக்கில் யாருக்கு எது போகிறது என்று கேட்டுப்பாருங்கள். பெண்ணுக்கு வரன் அமைகிறது, நல்ல இடம் அமைகிறது, அவளும் அமைந்து நடக்கவேண்டும். ஆட்சி அமைப்பவரும் மெட்டு அமைப்பவரும் பெரும்பாலும் ஆண்கள்.

அதற்காக நான் அமைதிக்கு எதிரியல்ல. கோபம் தலைக்கேறிய இரவுகளில் நான் எழுதிய கவிதைகள் பெரும்பாலும் தேறவில்லை. மறுவாரம் எடுத்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு வார இடைவெளியை நானாக எடுத்துக்கொண்டேன். எப்போது முடிக்கவேண்டும் என்பதும் என் கையில் இருந்தது. கூட்டத்தில் நீட்டப்பட்ட தண்ணீர்க் குவளை அப்படிப்பட்டதல்ல. முதலில் அமைதி, பிறகு நியாயம் என்பது அங்கே விதி. காயம்பட்டவள் காயமே படாதவள்போல் பேசினால்தான் அவள் சொல் எடுபடும்.

நம் இலக்கணத்தில் 'வழுவமைதி' என்று ஒன்று உண்டு. பிழைதான், ஆனாலும் காரணம் இருப்பதால் ஏற்கத்தக்கது. மகளைத் தாய் "வாடா ராஜா" என்று கொஞ்சுவது இதில் சேரும். எந்தெந்தக் காரணத்தால் இப்படி மாறலாம் என்று நன்னூல் வரிசைப்படுத்தும்போது மகிழ்ச்சியோடு சினத்தையும் சேர்க்கிறது. அந்தச் சூத்திரம் திணையும் பாலும் மாறுவதைப் பற்றி மட்டும்தானே, அதைப் போய் இப்படி இழுக்கிறாயே என்று என் துறைத் தோழி சிரித்தாள். இழுக்கத்தான் செய்கிறேன். கோபத்தில் பிறழ்ந்த பேச்சுக்குப் பவணந்தியார் கொடுத்த இடத்தை எங்கள் கூட்டம் கொடுக்கவில்லையே.

அன்றிரவு மாணவிக்கு நான்கு வரி எழுதினேன். அடுத்த கூட்டத்துக்கு நீயும் வா, அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல், நான் பக்கத்தில் இருப்பேன் என்று. அவள் வந்தாள், நடுவில் இரண்டு முறை பேச்சு நின்றது. தலைமையில் இருந்தவர் குவளையைத் தொட்டார். "அவ முடிக்கட்டும் சார்" என்றேன். முடிக்க இருபது நிமிடம் ஆனது. நடவடிக்கைக் குறிப்பில் அவள் அழுததும் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே, இந்த முறை, புகாரும்.