சாட்சிக்குச் சாட்சி யார்?

அலுவலகத்துக்குள் மட்டும் இயங்கும் சர்வருக்கு அதன் நிர்வாகி தானே சான்றிதழ் உருவாக்கிக் கையொப்பமிடுகிறார். பிரவுசர் உடனே எச்சரிக்கிறது: இதற்கு வேறு சாட்சி இல்லை.

ஆனால் வங்கி இணையதளத்தின் நிலை என்ன? அதன் சான்றிதழுக்கு ஓர் இடைநிலைச் சான்றிதழ் சாட்சி. அதற்கு ஒரு மூலச் சான்றிதழ் சாட்சி. அந்த மூலமோ தனக்குத் தானே கையொப்பமிட்டுக்கொண்டது. கணினியின் நம்பிக்கைப் பட்டியலில் இருப்பதாலேயே அது செல்லுபடியாகிறது.

இந்தியத் தருக்கவியலுக்கு இது பழைய வழக்கு. ஓர் அறிவு உண்மை என்பதை வேறொன்றைக் கொண்டே நிறுவ வேண்டும் என்றது நியாய மரபு. அப்படிப் போனால் சாட்சிகளுக்கு முடிவே இராது. அறிவு தன்னளவிலேயே செல்லும், பிழை வெளிப்பட்டால் விலக்கலாம் என்றது மீமாம்சை மரபு.

2011இல் சான்றிதழ் வழங்கும் நெதர்லாந்து நிறுவனமான டிஜிநோட்டாருக்குள் ஊடுருவியவர்கள் கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் உருவாக்கினர். அதைக் கொண்டு ஈரானியப் பயனர்கள் உளவு பார்க்கப்பட்டனர். பிரவுசர்கள் டிஜிநோட்டாரைப் பட்டியலிலிருந்து நீக்கின. அதே ஆண்டு நிறுவனம் திவாலானது. மீமாம்சகர் சொன்ன விலக்கல் இதுதான்.

அலுவலக சர்வருக்கு வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்துபோவதும் நம்பிக்கை ஆகாது. சான்றிதழின் எஸ்எச்ஏ-256 கைரேகை 64 குறிகள் கொண்டது. நிர்வாகியைத் தொலைபேசியில் அழைத்து, அவர் வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அதன் பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும்.