ஆயாவின் சம்பளம்

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான எங்கள் பகல்நேர மையத்துக்குப் போன் செய்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்: "பையனுக்குப் பிறந்தநாள் வருது, ஒருவேளை சாப்பாடு போடலாமா?" பெற்றோர் நினைவுநாளுக்குக் கேட்பார்கள், ஆடி அமாவாசைக்கும் கேட்பார்கள். பசித்தவருக்குச் சோறிடுவதை முதல் அறமாகச் சொல்லி வளர்த்த மண் இது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால், எங்களுக்குச் சோற்றில் குறை வருவதே இல்லை. மாதக் கடைசியில் இடிப்பது ஆயாவின் சம்பளம், வேனுக்கு டீசல், பிசியோதெரபிஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய பணம்.

அந்தச் சோற்றை ஊட்டுவதைப் பார்த்தால் ஆயாவின் சம்பளம் ஏன் முக்கியம் என்று விளங்கும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைப் படுக்கவைத்து ஊட்டக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் தாங்கி, தாடைக்கு விரல் கொடுத்து, ஒரு வாய் தொண்டையில் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். அவசரப்பட்டால் புரையேறும். உணவு மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். எந்தப் பிள்ளைக்குக் குழைய மசிக்க வேண்டும், எது கரண்டியைக் கண்டால் உடம்பை விறைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் ஆயாவின் கைக்குத் தெரியும். கூடுதல் கூலிக்கு அவர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் அந்த அறிவும் கூடவே போய்விடும். புது ஆளிடம் வாய் திறக்கவே சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்காகும்.

நன்கொடையோ சீராக வராது. நன்கொடைக்கான வருமான வரிச்சலுகைக்காக மார்ச்சில் ரசீதுப் புத்தகம் வேகமாகத் தீரும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதைத் தொடவே வேலையிருக்காது. ஆயாவின் வீட்டு வாடகை எல்லா மாதமும் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வருவதில்லை. பணம் கொடுத்தவர் முன்னால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடவைக்க மாட்டேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உரிய அளவு இயலாமை உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. உரிமையாகக் கிடைக்க வேண்டியதை நன்கொடையில் நடத்துவதே எனக்கு உறுத்தல்தான். அதற்காக, காலையில் பிள்ளையை இடுப்பில் சுமந்து வரும் தாயைத் திருப்பி அனுப்ப முடியுமா? இங்கே விட்டுப் போகும் அந்தச் சில மணி நேரத்தில்தான் அவர் கூலி வேலைக்குப் போய் வருகிறார். நன்றி சொல்வது என் வேலை. அதை நான் மனதாரச் செய்கிறேன். பிள்ளைகள் யாருக்கும் கடன்பட்டவர்கள் அல்ல.

18 முடிந்த பிறகு என்ன என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி சட்டக் காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம்; கையெழுத்துப் போட ஆள் கிடைப்பார். ஊட்டிவிட, குளிப்பாட்ட ஆள்?

அதனால் இப்போது போன் செய்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாப்பாட்டுக்கு எடுத்துவைத்த தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் அனுப்ப முடியுமா, அது ஆயாவின் சம்பளத்துக்குப் போகும் என்று. சிலர் உடனே சரி என்கிறார்கள். சிலருக்கு மகன் பிறந்தநாளன்று இலை போட்டால்தான் மனம் ஆறும். அவர்களுக்கும் தேதி குறித்துக்கொள்கிறேன். வரும்போது முடிந்தால் ஒரு பிள்ளைக்கு முழுச் சாப்பாட்டையும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டுப் போகச் சொல்கிறேன்.