ஒரு கொடியில் இரு நெஞ்சங்கள்

'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பது தமிழர் வாழ்வில் விளைந்த பழமொழி. உறவு எத்துணை நெருங்கியதாயினும் ஒவ்வோர் உயிருக்கும் அதற்கென ஓர் அளவும் தேவையும் உண்டு என்பதே அதன் உட்கிடை. அவ்வளவு பிறழ்ந்தால் விளையும் கேட்டினைத் தாயின் கருவறையே சில வேளைகளில் காட்டிவிடுகிறது.

கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து உருவாவோர் ஒத்த இரட்டையர். இவர்களுள் பத்தில் ஏழு பங்கினர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்து வளர்கின்றனர். அக்கொடியினுள் இருவர்தம் குருதிக் குழாய்களும் இணைந்திருக்கும். போக்கும் வரவும் ஒத்திருக்கும்வரை தீங்கில்லை. ஆனால், இத்தகைய கருக்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை அந்தச் சமநிலை குலைகிறது. ஒரு சேயின் குருதி ஓயாது மற்றதைச் சென்றடைகிறது. ஒன்று ஈயும் சேய். மற்றொன்று ஏற்கும் சேய்.

ஈயும் சேய் மெலிகிறது. அதனைச் சூழ்ந்த பனிக்குடநீரும் வற்றுகிறது. ஏற்கும் சேயோ செழித்து வளரும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. மிகுந்து வரும் குருதியைத் தள்ளித் தள்ளி அதன் இதயத் தசை தடிக்கிறது, அடைப்பிதழ்கள் கசிகின்றன, முடிவில் உடலெங்கும் நீர் கோத்து இதயம் ஓய்ந்துவிடுகிறது. இன்னுமொரு விந்தையும் உண்டு. குருதி குறைந்த சேயின் உடல், தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு அழுத்தத்தை உயர்த்தும் சுரப்புகளைச் சுரக்கிறது. அவையும் அதே குழாய்களின் வழியே சென்று, ஏற்கும் சேயின் இதயத்தை மேலும் வருத்துகின்றன. இல்லாதவன் தவிப்பு உள்ளவன் நெஞ்சையும் அழுத்தும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கே குற்றவாளி யார்? ஈயும் சேய் வள்ளலன்று. ஏற்கும் சேய் கள்வனுமன்று. தாயிடத்தும் பிழையில்லை. குற்றவாளி இல்லாத இடத்தில் நீதிக்கும் வேலையில்லை எனச் சிலர் கூறலாம். இயற்கையின் போக்கில் விட்டுவிடுவதே நன்றெனவும் வாதிடலாம். ஆனால், கருக்காலத்தின் நடுப்பகுதியில் இந்நோய் முற்றியபின் மருத்துவம் செய்யாது விடின், பெரும்பாலும் இரு உயிர்களுமே மடிகின்றன. வாளாவிருத்தலும் ஒரு செயலே. அதற்கும் விளைவு உண்டு.

ஒன்றை இழந்தேனும் மற்றதைக் காக்கலாமே என்பார்க்கும் விடை எளிதன்று. இணைப்புகள் திறந்திருக்கையில் ஒன்று இறப்பின், எஞ்சிய சேயின் குருதி இறந்த உடலுக்குள் பாய்ந்து வடிகிறது. அதன் மூளைக்கும் உயிருக்கும் கேடு சூழ்கிறது. ஒன்றன் அழிவு மற்றதன் ஆக்கமாவதில்லை.

இந்நிலையில் மருத்துவம் கண்ட வழி சிந்திக்கற்பாலது. 1988ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா, கருப்பைக்குள் நுண்கருவியைச் செலுத்தி, இணைப்புக் குழாய்களை லேசர் கதிரால் அடைக்கும் முறையைத் தொடங்கினார். 2004இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், ஒரு சேயேனும் பிழைத்த கருக்கள், பனிக்குடநீரை வடித்தெடுக்கும் முறையில் நூற்றுக்கு 56. லேசர் முறையில் 76. மிகைச்சுமை நீங்கியபின் ஏற்கும் சேயின் இதயமும் பலரிடத்துப் படிப்படியாகத் தேறுகிறது.

இம்மருத்துவம் இரு சேய்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. முறையற்ற ஓட்டத்தையே அடைக்கிறது. அவரவர்க்குரிய குருதியை அவரவர்க்கே உரித்தாக்குகிறது. உடன்பிறப்பைப் பிரிப்பது அன்பின்மை ஆகாதோ எனின், ஆகாது. இருவரையும் வாழவைக்கும் எல்லைக்கோடும் அன்பின் பாற்பட்டதே.

எனினும், இதிலும் உறுதி இல்லை. சிகிச்சைக்குப் பின்னரும் ஒரு சேயையோ இரு சேய்களையுமோ இழக்கும் பெற்றோர் உளர். அவர்களை நோக்கி, 'எதைக் காத்தீர், எதைக் கைவிட்டீர்?' என வினவுதல் கொடுமையினும் கொடுமை. மாந்தர் கடமை இருவர்க்கும் ஒப்ப முயல்வது. இருவர்க்கும் ஒத்த முடிவைத் தருதல் எவர் கையிலும் இல்லை. முயன்றும் இழந்த தாயைப் பழியாது தேற்றுவதே, அவளைச் சூழ்ந்திருப்போர் செய்யத்தக்க அறம்.